கொக்குகளைப் படமெடுக்கப் போய் நான் இழந்த இரண்டு காலைகள்

2025ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த நான்காம் நாள், தண்ணீர்மலையில் காவடிகளைப் படமெடுத்த அதே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, பினாங்கிலிருந்து தன்னந்தனியாக ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் புறப்பட்டேன். உடன் வருவதாகச் சொன்ன தோழிகள் இருவருக்கும் கடைசி நேரத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. விமானத்துக்கும் விடுதிக்கும் சேர்த்து 5,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டியாகிவிட்டது. திரும்பக் கிடைக்காது என்பதால் ஒருத்தியாகவே கிளம்பினேன். போன இடம் கூஷிரோ நகரத்துக்கு வடக்கே இருக்கும் ட்சூருய் என்னும் சிற்றூர். தலையுச்சியில் குங்குமம் வைத்தாற்போல் சிவந்திருக்கும் தான்ச்சோ கொக்குகள் குளிர்காலத்தில் அங்கே கூடுகின்றன. ஒரு காலத்தில் ஜப்பானில் அற்றுப்போயின என்று கருதப்பட்டு, 1920களில் கூஷிரோ சதுப்பு நிலத்தில் சில மட்டும் மீண்டும் கண்டறியப்பட்டு, 1952இல் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பறவைகள் அவை. கூஷிரோ விமான நிலையத்தின் பெயரிலேயே தான்ச்சோ இருக்கிறது. எட்டு ஆண்டுகளாக ஆசைப்பட்ட பயணம் என்பதால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்தேன். குளிருக்கான ஆயத்தத்தை மட்டும், காலணியைத் தவிர, கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போட்டேன். அதற்கான விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்த தவறு, கேட்கக் கூடாதவர்களிடம் ஆலோசனை கேட்டது. அலுவலகத்தில் சியோலுக்கும் மெல்பர்னுக்கும் குளிர்காலத்தில் போய்வந்தவர்கள் நால்வர் இருக்கிறார்கள். உள்ளே ஹீட்டெக் என்னும் சூடு காக்கும் உள்ளுடை, மேலே ஒரு தடித்த ஜாக்கெட், அது போதும் என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பட்ட குளிர் வேறு, நான் படப்போகும் குளிர் வேறு. சுற்றுலாப் பயணி நடந்துகொண்டே இருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார். படமெடுப்பவரோ விடியுமுன் போய் ஓர் இடத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அசையாத உடம்பில் சூடு குறைவாகத்தான் பிறக்கும். ஆகவே யாரிடமாவது உடை பற்றிக் கேட்பதானால், எத்தனை டிகிரியில் இருந்தீர்கள் என்று கேட்பதோடு, எவ்வளவு நேரம் சும்மா நின்றீர்கள் என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பருத்தி ஜீன்ஸும், உள்ளே ஒரு பருத்திப் பனியனுமாகப் போனேன். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நின்றவுடன் அந்த ஈரமே உடம்பின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஓர் உறை என்பதுதான் சரியான அடுக்கு. இறகு ஜாக்கெட்டை நடக்கும்போது போடாமல் பையில் வைத்திருந்து, போய்ச் சேர்ந்தபின் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது முதல் நாள் நனைந்த பனியனோடு நடுங்கியபோதுதான் புரிந்தது. கோலாலம்பூரில் குளிர் உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன; ஒரே ஒரு பயணம் என்றால் ஜாக்கெட்டை வாங்காமல் வாடகைக்கு எடுத்து, அந்தப் பணத்தைக் காலணிக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

காலணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்தில் பழைய பொருள் விற்கும் ஒரு பண்டல் கடையில், பெயர்பெற்ற நிறுவனத்தின் பனிக்காலணி ஒரு ஜோடி 130 வெள்ளிக்குக் கிடைத்தது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ ஒருமுறைகூடப் போடாமல் விற்றுவிட்டார்கள் என்று மகிழ்ந்து வாங்கி, ஓராண்டு அலமாரியில் வைத்திருந்தேன். முதல் நாள் காலை நாலரை மணிக்கு விடுதியிலிருந்து, கொக்குகள் இரவில் தங்கும் ஆற்றின்மேலுள்ள ஒத்தோவாப் பாலத்துக்கு நடந்தேன். அரை மணி நேர நடை, மைனஸ் 19 டிகிரி, நெற்றியில் கட்டிய விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. பாதி வழியில் இடது கால் திடீரென்று தாழ்ந்தது. குனிந்து பார்த்தால் காலணியின் அடித்தட்டு குதிகாலிலிருந்து பாதி கழன்று நாக்குபோல் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்ட இடமெல்லாம் புட்டுமாவாக உதிர்ந்தது. ட்ரைபாடில் சுற்றி வைத்திருந்த துணி டேப்பை உரித்துப் பாதத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். பாலத்தை அடைவதற்குள் வலது காலும் அதே கதிக்கு வந்துவிட்டது. அந்த இருட்டில், ஒரு கையால் டேப்பைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கூப்பிட ஆளில்லை என்பது ஒருபுறம், இது என் கஞ்சத்தனத்தால் வந்தது என்பது மறுபுறம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்ட காரணம் இது. இத்தகைய காலணிகளில் அடித்தட்டுக்கு மேலே இருக்கும் நடுத்தட்டு பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. அது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து சிறிது சிறிதாகச் சிதைகிறது. போடாமல் வைத்திருந்தாலும் சிதையும், நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் இன்னும் விரைவாகச் சிதையும். குளிர் நாட்டுக்கென்று செய்த காலணியைக் கெடுத்தது குளிர் அல்ல, பினாங்கு. லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று 45 விழுக்காடு ஈரப்பதத்தில் மின்சார டிரை கேபினட் வாங்கி வைத்திருந்த நான், காலணியைக் குளியலறையை ஒட்டிய அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். பழைய காலணியோ இரவல் காலணியோ எதுவானாலும், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அடித்தட்டின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ பிசுபிசுத்தாலோ தூக்கி எறியுங்கள். அழுத்தம் தாங்கினால், அதைப் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை கொடிமலைப் பாதையில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்குங்கள். வழியில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இன்னொன்று, இரண்டு காலுறை போட்டும் விரல்களை அசைக்க இடமிருக்கும் அளவில் காலணி வாங்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் காலணியில் இரத்த ஓட்டம் குறைந்து, எத்தனை காலுறை போட்டாலும் விரல் விறைக்கும்.

என் விரல்கள் விறைத்தன. முதலில் வலித்தது, பிறகு வலி நின்றது. வலி நின்றதை நல்லதென்று நினைத்தது அறியாமை, ஏனென்றால் உணர்வு போவதுதான் எச்சரிக்கை. விடுதிக்குத் திரும்பிக் காலுறையைக் கழற்றியபோது இடது காலின் இரண்டு விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. கணப்பு அடுப்பை நோக்கிக் காலை நீட்டப் போனேன். விடுதிக்கார அம்மாள் பதறித் தடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் செய்தார். மரத்த கால் சுடுவதை உணராது, ஆகவே அனலில் காட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. உடல் சூட்டைவிடச் சற்றே கூடுதலான நீர் போதும். அரை மணி நேரத்தில் ஊசி குத்துவதுபோல் வலியோடு நிறம் திரும்பியது. நல்லவேளையாகத் தோலோடு போயிற்று. நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஜப்பானில் கைரோ என்னும் சூட்டுப் பொட்டலம் எல்லா மினி மார்ட்டிலும் கிடைக்கும். உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடாகிறது என்பதால், காற்றுப் புகாத காலணிக்குள் சாதாரணப் பொட்டலம் சரியாக வேலை செய்யாது. காலுக்கென்றே தனியாக விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும். எதையும் தோலின்மேல் நேரடியாக ஒட்டக் கூடாது, மெல்ல மெல்லச் சுட்டுவிடும்.

பேட்டரி தொல்லை பினாங்கு விமான நிலையத்திலேயே தொடங்கியது. கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. 150-600 மி.மீ. லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. எடையைக் குறைப்பதாக நினைத்து நான்கு உபரி பேட்டரிகளையும் பவர் பேங்கையும் பெட்டிக்குள் போட்டேன். உபரி லித்தியம் பேட்டரிகள் சரக்கில் போகக் கூடாது, கையில்தான் வர வேண்டும் என்பது எல்லா விமானங்களுக்கும் பொதுவான விதி. பெட்டியை அனுப்பிய பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் திறக்கச் சொன்னார்கள். அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சுற்றி வைத்திருந்த பழைய கைலி முதற்கொண்டு வெளியே வந்தது. 100 வாட்-மணிக்குள் இருக்கும் பேட்டரியைக் கையில் கொண்டுபோகப் பொதுவாகத் தடையில்லை. வோல்ட்டை மில்லி ஆம்பியர்-மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்த எண் வரும். 3.7 வோல்ட், 20,000 என்று போட்டிருக்கும் பவர் பேங்க் 74 வாட்-மணி. உபரி பேட்டரிகளின் உலோக முனைகளில் டேப் ஒட்டிக் கையில் கொண்டுபோங்கள். கனமான துணிகளையும் ட்ரைபாடையும் பெட்டியில் போடுங்கள். வீட்டிலிருந்து மூன்று பிளக் செருகக்கூடிய எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றும், ஜப்பானின் இரண்டு தட்டை முள்ளுக்கான அடாப்டர் ஒன்றும் எடுத்துப்போனதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். அங்கே 100 வோல்ட்தான். நம் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் போதும், ஓர் அடாப்டரில் மூன்று சார்ஜர் ஓடும்.

பாலத்தின்மேல் நின்றபோது என் கேமரா 70 விழுக்காடு காட்டியபடியே அணைந்தது. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகி, உள்ளே மின்சாரம் இருந்தும் வெளியே தர முடியாமல் போகிறது. செத்துவிட்டது என்று நினைத்துப் பையில் போட்டதை, பிறகு தற்செயலாகச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கியபோது மீண்டும் உயிர் பெற்றது. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: இடது உள்பையில் நிறைந்த பேட்டரி, வலது உள்பையில் சோர்ந்த பேட்டரி, இரண்டும் உடம்போடு ஒட்டி. இருபது வெள்ளி மிச்சம் பிடிக்க வாங்கிய பெயர் தெரியாத பேட்டரிகள் இரண்டும் அந்தச் சூட்டுக்கும் அசையவில்லை. 110 வெள்ளி வீண். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் எழுதியிருக்கும். அதற்குக் கீழே கேமரா ஓடாது என்று பொருளில்லை. ஓடாமல் நின்றால் கேட்க முடியாது என்று பொருள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிக வருத்தம் தந்தது லென்ஸ். பினாங்கில் கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒன்று தெரியும்: குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்கப் புகைமூட்டம் படியும், கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தால், வெளியே போகும்போதுதான் ஆபத்து என்று என் மூளை முடிவு கட்டியிருந்தது. முதல் நாள் விடுதியிலிருந்து வெளியே போனபோது கண்ணாடி தெளிவாக இருந்தது. அட, இவ்வளவுதானா என்று நிம்மதியடைந்தேன். உண்மையான விதி உள்ளேயா வெளியேயா என்பதல்ல. குளிர்ந்த பொருள் ஈரமான வெதுவெதுப்புக் காற்றைச் சந்திக்கும் இடத்தில் நீர் படியும். நம் ஊரில் அந்த இடம் வாசலுக்கு வெளியே, ஹொக்கைடோவில் வாசலுக்கு உள்ளே. கால் விரல்களைப் பற்றிய பதற்றத்தில், மைனஸ் 19இல் இருந்த கேமராவை அப்படியே கணப்பு அடுப்பின்மேல் கெண்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த உணவறைக்குள் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அது வெள்ளையாகி, உடம்பெல்லாம் துளி துளியாக நீர் கோத்தது. அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருக்கலாம். படங்களைப் பார்க்கும் ஆவலில் மூடியைத் திறந்து மெமரி கார்டை எடுத்தேன், லென்ஸைக் கழற்றினேன், ஜூமைத் திருகினேன். அந்த ஈரக் காற்றை என் கையாலேயே உள்ளே இழுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, கூஷிரோவுக்குப் பேருந்தில் போய் 9,800 யென்னுக்கு வாங்கிவந்த புதுக் காலணியோடு பாலத்தில் நின்றேன். ஆற்றிலிருந்து ஆவி எழுந்தது. செட்சுரி ஆறு ஊற்று நீர் கலப்பதால் அந்தக் குளிரிலும் உறைவதில்லை, அதனால்தான் கொக்குகள் இரவில் அதன் நடுவே நின்று தூங்குகின்றன. கரை மரங்களின் ஒவ்வொரு கிளையிலும் வெண்பனி பூத்திருந்தது. என் லென்ஸிலோ உள்கண்ணாடியில் படிந்த ஈரம் உறைந்து, நடுவில் பூக்கோலம் போட்டாற்போல் ஒரு வட்டம். ஃபோகஸ் முன்னும் பின்னும் தடவிவிட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் முப்பது பேரின் ஷட்டர்கள் ஒலிக்க, ஆறு மணி இருபதுக்குச் சூரியன் எழுந்து அந்த ஆவி முழுவதையும் பொன்னாக்கியதைக் கைப்பேசிகூட இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியும் குளிரில் அணைந்திருந்தது.

ஆகவே இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெளியே நிற்கும்போதே கார்டையும் பேட்டரியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். கேமராவை லென்ஸோடு பெரிய ஜிப் பையில் வைத்து, காற்றைப் பிதுக்கி, வெளியிலேயே மூடுங்கள். பிறகு உள்ளே கொண்டுபோய், சூடில்லாத முன்வாசல் பகுதியில், பையைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமராவில் படியாது. இரண்டு அடி நீளமுள்ள ஜிப் பை நம் ஊர் பிளாஸ்டிக் சாமான் கடையில் ஒரு வெள்ளி இருக்கும். என் லென்ஸைப் பிரித்துத் துடைத்துக் கொடுக்க ஜார்ஜ்டவுனில் வாங்கிய கூலி 680 வெள்ளி. பயணக் காப்பீடு இருந்ததே என்று விண்ணப்பித்தேன். ஈரப்பதத்தால் வரும் சேதம் விலக்கு என்ற வரியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் அதே பக்கத்தில் இருந்தது. அந்த வரம்பு என் லென்ஸ் விலையில் கால்பங்கு.

சின்னச் சின்னதாகச் சில. உலோக ட்ரைபாடை வெறுங்கையால் தொட முடியாது. கால்களில் பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பைச் சுற்றிவிட்டால் போதும். கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் மூச்சுக் காற்று பட்டு உறையும், ஆகவே மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழக வேண்டும். லென்ஸில் விழுந்த பனித்தூளை வாயால் ஊதினால் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும், தூரிகையால் தட்டிவிடுங்கள். பனியை நடுத்தரச் சாம்பல் என்று கேமரா எண்ணிக்கொள்வதால் எல்லாப் படமும் இருண்டு வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியளவை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒளியளவின் படி) வரை கூட்டி, கொக்கின் வெள்ளை இறகு வெளுத்துப்போகாமல், ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன சூடான மைலோ, எந்த ஜாக்கெட்டையும்விட உதவியது. அம்மா உதட்டுக்கென்று கொடுத்த தேங்காய் எண்ணெய், போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாகிவிட்டது. ஐந்து நாளும் ஒரு சொட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் காற்று அடித்து ஆவியே எழவில்லை. அது யாருடைய குற்றமும் இல்லை. நான்காம் நாள் மைனஸ் 21. லென்ஸ் உலர்ந்திருந்தது, விரல்கள் அசைந்தன. இரண்டு கொக்குகள் ஆவிக்குள்ளிருந்து கழுத்தை நிமிர்த்தி ஒரே நேரத்தில் குரல் எழுப்பின. அவற்றின் மூச்சு அலகிலிருந்து புகையாக வெளியேறியது படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்த ஒரு காலையில் 600 படம் எடுத்தேன். பழைய காலணி, புதுக் காலணி, பேட்டரி, லென்ஸ் கூலி எல்லாம் சேர்த்து நான் வீணாக்கியது 1,210 வெள்ளி. போன இரண்டு காலைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்த பிப்ரவரிக்கும் இடம் பதிவு செய்திருக்கிறேன். இந்த முறை ஒத்திகையைப் பினாங்கிலேயே வைத்துக்கொண்டேன். பத்து மாவுங்கில் உறைந்த மீன் சேமிக்கும் குளிர்க் கிடங்கில் தெரிந்த தம்பி ஒருவர் வேலை செய்கிறார். உள்ளே மைனஸ் 18. அனுமதி வாங்கி, அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, முழு உடையோடும் கேமராவோடும் மீன் பெட்டிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் நின்றேன். மெல்லிய கையுறைக்கு மேல் தடித்த கையுறை போட்டுக்கொண்டு பேட்டரி மாற்ற முடிந்தது. கார்டை மாற்றும்போது மட்டும் இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை முயன்றுகொண்டிருந்தபோது வெளியிலிருந்து குரல் வந்தது: “அக்கா, லோரி வந்துருச்சு, இன்னும் எவ்ளோ நேரம்?” இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கார்டைக் குனிந்து தேடினேன்.